கம்புக்காரனும் மந்திரவாதியும்

போன கோடை விடுமுறைக்குப் பேரன் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தான். பதினோராம் வகுப்பு முடித்தவன். பகலெல்லாம் தூக்கம். ராத்திரி ஒன்பது மணி ஆனால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். திரைக்குள் நாலு பையன்கள். "கதவை உடைக்கிறியா, பூட்டைத் திறக்கிறியா? உருட்டு!" என்று சத்தம். கையில் தாயக்கட்டை இல்லை, இருபது முகம் உள்ள ஒரு பகடை. என் வீட்டம்மா அடுப்படியில் இருந்தபடியே, "யாரைல கொல்லுத இந்த நேரத்துல?" என்று கேட்பாள். இந்த ஊர்க்காரி, அவள் பேச்சு அப்படித்தான்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. நம் பரமபதம் மாதிரிக் கட்டம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஒருவர் கதை சொல்லி நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறேன் என்று வேஷக்காரன் சொல்ல வேண்டும், பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். "நம்ம தெருக்கூத்து வாத்தியார் வேலைதானேடா உனக்கு?" என்றேன். பேரன்தான் இந்தக் கூட்டத்துக்குக் கதை நடத்துகிறவன்.

ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்தான். வாள் வீரன் வேஷம் போடுகிற பையன் அடுத்த வாரத்திலிருந்து வரமாட்டானாம். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படிக்கிறவன்.

"சண்டையாடா?"

"இல்ல தாத்தா. போரடிக்குதாம். மந்திரவாதி இருக்கும்போது நான் எதுக்குன்னு கேக்கறான்."

நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறு எப்படிப் புரியும்? ஐந்தாம் நிலைக்கு வந்த வாள் வீரன் தன் முறை வரும்போது இரண்டு தடவை வெட்டலாம். ஒரு வெட்டுக்கு எட்டு முகப் பகடை ஒன்று, அதோடு கைவலுவுக்கு ஒரு நாலு. சராசரி எட்டரை. இரண்டு வெட்டும் பட்டால் பதினேழு. அதே ஐந்தாம் நிலையில் மந்திரவாதிக்குத் தீயுருண்டை என்று ஒரு மந்திரம் கிடைக்கிறது. ஆறு முகப் பகடை எட்டு, சராசரி 28. அதுவும் ஒருவனுக்கு இல்லை, விழுந்த இடத்திலிருந்து 20 அடி சுற்றளவில் நிற்கிற எல்லோருக்கும். ஐந்து பேர் நின்றால் மொத்தம் 140. சுதாரித்து ஒதுங்கினவனுக்கும் பாதி உண்டு. இவன் வாளை உருவுவதற்குள் களம் காலி.

"அதுக்குத்தான் தாத்தா விதி வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் போட முடியும்."

"அப்புறம்?"

"ராத்திரி தூங்கி எழுந்தா மறுபடி வந்துரும்."

"கதையில ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறே?"

"ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள். பன்னிரண்டும் மாதா மாதம் புதிதாக வரவு வைக்கப்படும் என்று ஒரு அரசாணை போட்டிருந்தால் எவன் ஆபீசுக்கு வந்திருப்பான்? விடுப்புக் கணக்கு என்ற ஒன்று இருப்பதால் மட்டும் கட்டுப்பாடு வந்துவிடாது. எப்போது புதுப்பிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். விதிப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். 2014-இல் வந்த பதிப்பு. கதை நடத்துகிறவருக்கான புத்தகத்தில் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் வரை தாங்கும் என்றே போட்டிருக்கிறது. தீயுருண்டையின் பலம் அந்தக் கணக்குக்குச் சரி. இவர்கள் ஒரே சண்டையில் கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட்டுப் படுத்துத் தூங்குகிறார்கள்.

பழைய விதிகள் இன்னும் கறாரானவையாம். முதல் நிலை மந்திரவாதிக்கு நாள் முழுக்க ஒரே ஒரு மந்திரம். சொன்னதும் அது நினைவிலிருந்தே போய்விடும். ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்த யோசனை என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பரசுராமர் கர்ணனுக்குக் கொடுத்த சாபம் வேறென்ன? தேவைப்படுகிற நேரத்தில் மந்திரம் மறந்துபோகும். 2008-இல் வந்த பதிப்பில் வாள்காரனுக்கும் நாளைக்கு ஒருமுறை, சண்டைக்கு ஒருமுறை என்று விசேஷ வித்தைகள் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார்கள். எல்லா வேஷமும் ஒன்று போல ஆகிவிட்டது என்று பலர் குறைப்பட்டார்களாம். குறைப்பட்டது நியாயம்தான். பீமன் கையிலும் ஒரு பாசுபதாஸ்திரத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவன் எப்படிப் பீமன்?

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோதே எனக்கு மனசு வேறிடத்துக்குப் போய்விட்டது.

நான் சிறுவனாகப் புதுச்சேரியில் இருந்தேன். படித்தது பிரெஞ்சுப் பள்ளி. எதிர்வீட்டு நண்பன் தமிழ்ப் பள்ளி. கோடையில் மாமா ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்துவிட்டு வந்தால், அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கள் சந்தில் குருக்ஷேத்திரம்தான். அவன் நன்றாகக் கம்பு சுற்றுவான். எனக்குக் கை வராது. அதனால் நான் எப்போதும் அஸ்திரக்காரன். துடைப்பக்குச்சியை நெற்றிக்கு நேரே பிடித்து முணுமுணுத்தால் பிரம்மாஸ்திரம், அவன் விழ வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒருமுறைதான் என்று அவன் விதி போட்டான். நியாயமான விதி.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் விளையாட்டை நடுவில் நிறுத்தக் கட்டைவிரலைத் தூக்கி "பூஸ்" என்பார்கள். பிரெஞ்சில் கட்டைவிரலுக்கு அதுதான் பெயர். நான் பிரம்மாஸ்திரத்தை விட்டுவிட்டு, உடனே விரலைத் தூக்கி "பூஸ்" என்று சொல்லி, படிக்கட்டில் ஒரு நிமிஷம் உட்காருவேன். எழுந்ததும் ஆட்டம் புதிது, அஸ்திரமும் புதிது என்பேன். அவனுக்கு அந்த வார்த்தை தெரியாது. எங்கள் பள்ளியில் அப்படித்தான் விதி என்று அடித்துச் சொன்னேன். அது பொய். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தான். ஒரு சாயங்காலம், "அப்போ எனக்கு எதுக்குக் கம்பு?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். அப்புறம் சந்தில் பார்த்தால் பேசுவோம். விளையாட வரவில்லை.

பேரனிடம் இதைச் சொன்னேன். "ஏமாத்துனீங்களா தாத்தா?" என்றான். ஆமாம் என்றேன்.

பிறகு பாரதத்தின் பதினாலாம் நாளுக்கு வந்தேன். கர்ணன் கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதம், ஒரே ஒரு தடவைதான் செல்லும். அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். வழக்கமாகச் சூரியன் மறைந்தால் போர் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. ஜயத்ரதன் விழுந்த பிறகும் தீவட்டி வெளிச்சத்தில் போர் நடக்கிறது. ராத்திரியில் பலம் பெருகுகிற கடோத்கஜனைக் கிருஷ்ணன் கர்ணன்மேல் ஏவிவிடுகிறான். கௌரவ சேனை அழிகிறது, எல்லோரும் கர்ணனைப் பார்த்துக் கதறுகிறார்கள், அவன் வேறு வழியில்லாமல் சக்தியை எறிகிறான். கடோத்கஜன் செத்தான். பாண்டவர்கள் அழ, கிருஷ்ணன் ஆடினான். சக்தியின் வேகத்தை வியாசர் ஒரு துளியும் குறைக்கவில்லை. கர்ணனைத் தூங்க விடவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் பீமனைப் பாருங்கள். அர்ஜுனனைப் போல அஸ்திரம் தேடித் தவத்துக்குப் போனவன் இல்லை. பெரும்பாலும் கதாயுதமும் தோள்வலியும்தான். துரியோதனனோடு சேர்த்து நூறு பேரையும் முடித்தது அவன். பதினெட்டாம் நாளும் கதை அதே கதைதான், தீர்ந்துபோக அதில் ஒன்றும் இல்லை.

"ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒரு சண்டைதான் தாத்தா முடியுது. ஆறு சண்டைக்கு எங்க போறது?"

இதற்கு எனக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. உங்கள் வாரமும் கதையின் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கதையில் ஒரு நாள் உங்களுக்கு மூன்று வாரம் ஓடட்டுமே என்றேன். படுக்கைவிரிக்கிற நேரத்தில் ராத்திரிப் படை வரட்டும். எதிரிகளும் கும்பலாக ஒரே இடத்தில் நிற்காமல், குறுகலான வாசலில் ஒவ்வொருவராக வரட்டும்.

விடுமுறை முடிந்து ஊருக்குப் போனவன் பத்து நாள் கழித்துப் போன் பண்ணினான். அந்தப் பையனைக் கெஞ்சி ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறான். சத்திரத்தில் தங்கினார்கள், மந்திரவாதி கண்ணை மூடப்போகும் நேரத்தில் ஓநாய்ப் படை. தீயுருண்டை இரண்டும் சாயங்காலமே செலவு. வாள்காரன் வாசலை அடைத்துக்கொண்டு பதினோரு முறை வெட்டினானாம். அடுத்த வாரமும் வருகிறானாம்.

"அப்போ சரியாப் போச்சா?"

"எங்க தாத்தா? இப்ப மந்திரவாதிப் பையன் பேசமாட்டேங்கறான். என்னைத் தூங்கவே விடமாட்டியான்னு கேக்கறான்."