எழுத்தும் வேண்டும்

“பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான், அது போதாதா?” என்று நம்மிற் பலர் கேட்கிறோம். போதாது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், தெற்கு டிரோல் என்னும் நிலப்பகுதி உளது. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோரின் தாய்மொழி ஜெர்மன். முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டின் உடன்படிக்கையால், அந்நிலம் ஆஸ்திரியாவினின்று பிரிந்து இத்தாலிக்கு உரித்தாயிற்று. முசோலினியின் அரசு 1923இல் ஒரு கல்விச் சட்டம் செய்தது. முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக, ஜெர்மன் நீங்கி இத்தாலியமே பாடமொழியாயிற்று. அடுப்பங்கரைப் பேச்சைப் பள்ளிச் சட்டம் பறிக்க இயலாது. எழுத்தையே அது பறித்தது.

எழுத்துப் போனால் பேச்சும் நில்லாது என்பதை அம்மக்கள் உணர்ந்தனர். மிக்கேல் காம்பர் என்னும் கத்தோலிக்கக் குருவின் தூண்டுதலால் இரகசியப் பள்ளிகள் தோன்றின. ‘நிலவறைப் பள்ளிகள்’ என்று அவற்றுக்குப் பெயர். பண்ணை வீடுகளில் இளம்பெண்கள் சிறுவர்க்கு ஜெர்மன் எழுத்தும் வாசிப்பும் கற்பித்தனர். அகப்பட்டோர் தண்டனைக்கு ஆளாயினர். இம்முயற்சிக்குத் துணைநின்ற யோசப் நோல்டின் என்னும் வழக்கறிஞர் லிபாரித் தீவுக்குக் கடத்தப்பட்டார், 1929இல் மாண்டார். போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டின் ஒப்பந்தம் தாய்மொழிக் கல்வியை உறுதிசெய்தது. இன்று அங்கே ஜெர்மன் பள்ளிகள் நடைபெறுகின்றன.

நம் நிலை வேறு. நம்மைத் தடுப்பார் எவருமிலர். சிறுபான்மை மொழிக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்று, 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. ஆயினும் தமிழ்ப் பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. இருப்புப்பாதைப் பணியிலுள்ள நம்மவர் பிள்ளைகள் கரக்பூரில் வங்காளமும், புசாவலில் மராத்தியும், ஜபல்பூரில் இந்தியும் கற்கின்றனர். கற்கட்டும், வாழும் ஊரின் மொழி அவர்கட்கு வேண்டியதே. ஆனால் ஊரிலிருந்து பாட்டி கைப்பேசியில் அனுப்பும் நான்கு வரியையும் நாமன்றோ படித்துக் காட்டுகிறோம்? எழுத்தில்லாத தமிழ் சோறு, தண்ணீர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட எதையும் சொல்லப் பிள்ளை பள்ளிமொழியையே நாடுகிறான். அவன் மக்களுக்கு அவ்வளவும் எஞ்சுமா?

ஆதலின், பள்ளி தராததை வீடு தரவேண்டும். இரவு உணவுக்குமுன் அரைமணி நேரம், ஓர் அரிச்சுவடி, ஒரு சிலேட்டு, இவை போதும். அவர்கள் அஞ்சி அஞ்சிச் செய்ததை நாம் விளக்கேற்றி வைத்துக்கொண்டே செய்யலாம்.