காவ்காவும் பக்கலோரெயாவும்

சீனாவில் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 7-ஆம் தேதி 'காவ்காவ்' என்று ஒரு தேர்வு தொடங்குகிறது. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் பிளஸ் டூ, நீட், ஜே.இ.இ. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சினால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட தேர்வு அது. பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். 2024-இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அதே ஆண்டு நம் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 24 லட்சம்தான். கலாசாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோன இந்தத் தேர்வு 1977-இல் மறுபடி வந்தது. கிராமத்துப் பிள்ளை மேலே ஏறுவதற்கு அங்கே அதுதான் ஏணி.

அந்த நாட்டில் என் தங்கை மகன் ஆறு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். அரசு மேல்நிலைப் பள்ளிதான். ஆனால் அவன் வேலை பார்ப்பது அதே வளாகத்துக்குள் தனிக் கட்டடத்தில் நடக்கும் சர்வதேசப் பிரிவில். அங்கே காவ்காவ் பாடம் கிடையாது. இங்கிலாந்தின் ஏ-லெவல் பாடம், ஆங்கிலத்தில். நம் பதினொன்று, பன்னிரண்டுக்குச் சமமான இரண்டு வருடப் படிப்பு. மூன்று அல்லது நான்கு பாடம் மட்டும் எடுத்து ஆழமாகப் படிப்பார்கள். அமெரிக்கா போக நினைக்கிறவர்களுக்கு 'ஏ.பி.' என்று வேறொரு பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளும் உண்டு. பிள்ளை சீனாவில் இருந்துகொண்டே லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ தயாராகிறது. கட்டணம் சம்பளக்காரர் தாங்கும் அளவில் இல்லை.

ஒரே பள்ளிக்குள் இரண்டு உலகம் என்பான். எதிர்க் கட்டடத்தில் காவ்காவ் பிள்ளைகள் விடியற்காலையில் உட்கார்ந்தால் இரவு வரை படிப்பு. தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று வகுப்பறையில் எழுதிப் போட்டிருப்பார்கள். இவன் கட்டடத்தில் கெடுபிடி குறைவு. ஆனால் கவலை வேறு மாதிரி. "மாமா, கணக்கை எனக்கு முன்னாலேயே போட்டு முடிச்சுடுறாங்க. 'ஏன் இப்படிப் போட்டே, நாலு வரி எழுது'ன்னா பேனா நின்னுடுது" என்றான்.

அவனுக்கே பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குத் தேர்வு எழுதுவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். இந்தப் பிள்ளை இந்தப் பாடத்தில் இன்ன தரம் வாங்கும் என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான், 'இவ்வளவு வாங்கினால் இடம் உண்டு' என்று அவர்கள் பதில் எழுதுவார்கள். நவம்பர் வந்தால் பெற்றோர் இவனைத் தேடி வந்துவிடுவார்களாம். 'பி' என்பதை 'ஏ' ஆக்கச் சொல்லிக் கெஞ்சுவார்களாம். ஒரே பிள்ளை, இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, அத்தனை பேர் சேமிப்பும் அந்த ஒரு எழுத்தில் நிற்கிறது.

நான் அவனிடம் கேட்ட கேள்வி வேறு. "நடுவில் பிள்ளைக்கு மனசு மாறினால் என்ன செய்வது? அப்பனுக்குத் தொழில் படுத்துவிட்டால்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "திரும்ப முடியாது மாமா. ரெண்டு வருஷம் அந்தப் பாடமே படிக்கலையே. ஏ-லெவல் சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு சீனப் பிள்ளை சீனாவுல நல்ல காலேஜுக்குள்ள நுழையறது ரொம்பக் கஷ்டம்" என்றான்.

இதைக் கேட்டதும் எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வந்தது. ஏனென்றால் இந்த ஏற்பாடு சீனாக்காரன் கண்டுபிடித்ததல்ல. நம் பக்கத்திலேயே 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய லிசே பள்ளி இன்றும் புதுச்சேரியில் நடக்கிறது. இன்றும் அங்கே பிள்ளைகளை பிரான்ஸ் நாட்டுப் பக்கலோரெயா தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள்.

நான் படித்தது வேறு பள்ளி என்றாலும் பிரெஞ்சு மீடியம்தான். அந்தப் படிப்பில் வகுப்புகள் பின்னோக்கி எண்ணப்படும். ஆறாம் வகுப்பில் நுழைந்தால் அடுத்த வருடம் ஐந்து, பிறகு நான்கு, மூன்று. மூன்றாம் வகுப்பு முடிவில் ப்ரெவே தேர்வு. அதன் பிறகு இரண்டு, ஒன்று, கடைசியில் 'தெர்மினால்'. அங்கே பக்கலோரெயா. மதிப்பெண் 20-க்கு. பத்து வாங்கினால் பாஸ். பதினாறு வாங்கினால் வீட்டில் பாயசம். கடைசி வருடத்தில் தத்துவப் பாடம் உண்டு. ஒரே கேள்விக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டும். முதலில் ஒரு கட்சி, பிறகு எதிர்க்கட்சி, பிறகு இரண்டையும் எடைபோட்டு உன் முடிவு. மனப்பாடம் அங்கே செல்லாது.

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பல வீடுகளில் ராத்திரி முழுக்க ஒரே பேச்சு: பிள்ளை பிரெஞ்சிலேயே போகட்டுமா, இங்கிலீஷுக்குத் திரும்பட்டுமா? என் அப்பா ப்ரெவே முடித்ததும் என்னை ஆங்கிலப் பக்கம் திருப்பினார். பி.யூ.சி.யில் முதல் ஆறு மாதம் பாடம் புரியாமல் தவித்தேன். பிறகு சர்க்கார் குமாஸ்தா ஆனேன்.

என் பெஞ்சுத் தோழர்கள் இரண்டு பேர் பிரெஞ்சிலேயே போய்ப் பக்கலோரெயா வாங்கினார்கள். ஒருவன் பிரான்சுக்குப் போனான், நன்றாகவே இருந்தான். இன்னொருவன் எங்களில் மிகக் கெட்டிக்காரன். அவனுக்கும் அங்கே இடம் கிடைத்தது. புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது அப்பா தவறிவிட்டார். தம்பி தங்கைகள் மூன்று பேர். அவன் போகவில்லை.

இங்கே வேலைக்கு மனுப்போட்டான். "இந்தத் தாள் எதற்குச் சமம்?" என்று கேட்டார்கள். சமநிலைச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடந்தான், அங்கிருந்து இன்னொன்றுக்கு. இரண்டரை வருடம் போயிற்று. சான்றிதழ் கைக்கு வந்தபோது அவன் எதிர்பார்த்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கடைசி வரை வீட்டுத் திண்ணையில் பிரெஞ்சு டியூஷன் எடுத்தான். அவனிடம் படித்து பிரான்சுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவன் மட்டும் கப்பல் ஏறவில்லை.

பின்னாளில் கல்விப் பிரிவில் சில வருடம் எனக்கு மேஜை கொடுத்தார்கள். சமநிலை கேட்டு வரும் கோப்புகளில் அவன் முகம்தான் தெரியும். அந்தக் கோப்புகளை ஒரு நாள்கூட என் மேஜையில் தூங்க விட்டதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான இந்தப் பேரணாம்பட்டில் குடியிருக்கிறேன். ஹாங்காங், இத்தாலி என்று தோல் வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்கள் உள்ள ஊர். வெளியூரில் ஏ-லெவல் பள்ளிகள் இருக்கும் சேதி இங்கேயும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் டேனரி வைத்திருக்கும் பாய் தம் பேத்தியை அதில் சேர்த்து, இங்கிலாந்தில் நார்த்தாம்டனில் தோல் தொழில்நுட்பம் படிக்க வைக்க நினைத்தார். அந்தப் படிப்புக்குப் பெயர் போன ஊர் அது. "சார், சேர்க்கலாமா?" என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான். "பாய், நம்ம நிலைமை சீனாக்காரன் நிலைமை இல்லை. நம் பிளஸ் டூ மதிப்பெண்ணை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் நேரடியாகவே ஏத்துக்கிறாங்க. மார்க் நல்லா இருக்கணும், இங்கிலீஷ் நல்லா இருக்கணும், அவ்வளவுதான். அதே பிளஸ் டூவை வைத்து சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் தோல் தொழில்நுட்பம் படிக்கலாம். ஒரு தாளுக்கு ரெண்டு கதவு. ஏ-லெவலிலும் இந்தியக் கல்லூரிக்கு வரலாம். ஆனா சமநிலைச் சான்றிதழ், மதிப்பெண் மாற்றம் என்று ஒவ்வொரு படியா ஏறணும். போற வழியைக் கேட்கிறப்பவே திரும்பி வர்ற வழியையும் கேட்டுக்குங்க."

பேத்தி குறுக்கே வந்தாள். "தாத்தா, இங்கே எல்லாம் மனப்பாடம்தான். அங்கே யோசிக்கச் சொல்றாங்களே" என்றாள். நியாயமான பேச்சு. அந்தப் படிப்பில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அது ஒன்றுதான். நான் படித்த பிரெஞ்சுப் படிப்பிலும் எனக்கு மிஞ்சியது அதுதான். ஆனால் அதற்கு இங்கிலாந்துத் தாள் தேவையில்லை; கேள்வி கேட்க ஒரு ஆளும் எழுத ஒரு நோட்டும் போதும்.

அவள் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று கட்டுரை எழுதுகிறாள். முதல் தலைப்பை அவளே எடுத்தாள்: டேனரி நம் ஊருக்கு நல்லதா, கெட்டதா? முதல் பகுதியில் எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது என்று எழுதினாள். இரண்டாம் பகுதியில் பாலாற்றையும், 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எழுதினாள். டேனரிக்காரர் பேத்தி அதை எழுதியது எனக்குச் சந்தோஷம். மூன்றாவது பகுதி, அவளுடைய முடிவு, மூன்று வாரமாக எழுதப்படாமல் இருக்கிறது. நான் அவசரப்படுத்தவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தயாராவது என்பது அந்த மூன்றாவது பகுதியை எழுதக் கற்றுக்கொள்வதுதான் என்பது என் அபிப்பிராயம்.