கூண்டுக்குள் இருப்பது ஆணா, பெட்டையா? தாமிரபரணிக் கரையில் ஒரு குருவிச் சுற்று

பிசான நெல் பால் பிடிக்கும் நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் வரப்பில் நடந்தால், நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு குருவிக் கூட்டம் விர்ரென்று எழும்பும். ஊரில் எல்லாவற்றுக்கும் ‘நெல்லுக்குருவி’ என்று ஒரே பேர்தான். நிதானமாகப் பார்த்தால் அதற்குள் பல இனங்கள் இருக்கும். மார்பில் மீன் செதிள் போலப் புள்ளி இருந்தால் அது புள்ளிச் சில்லை. தலை கறுத்து, முதுகு செம்பழுப்பாக இருந்தால் கருந்தலைச் சில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரத்தில் வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை போட்ட வெண்முதுகுச் சில்லையைப் பார்க்கலாம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் முள்காட்டுக்குப் போனால் வெண்தொண்டைச் சில்லை கிடைக்கும்.

செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் ஃபின்ச் குருவிகள் இவற்றின் பங்காளிகள்தான். தாமிரபரணிக் கரை ஊர்களில் இப்போது திண்ணையிலும் மாடியிலும் இந்தக் கூண்டுகளைப் பார்க்க முடிகிறது. உபதொழிலாகச் செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். “ஜோடி என்று வாங்கினேன், முட்டை பொரிக்கவே இல்லையே?” என்பது ஒன்று. “சாம்பல் ஜோடிக்கு வெள்ளைக் குஞ்சு எப்படி வந்தது?” என்பது இன்னொன்று. அம்பையில் தொடங்கி கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டை வரை சில வீடுகளில் பார்த்ததை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு அக்கா வீட்டுப் பின்கட்டில் வரிசையாக மண் கலயங்கள் கட்டியிருந்தன. உள்ளே இருந்தவை ஜீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தக் குருவிதான் புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. சாம்பல் நிறக் குருவியில் ஆண், பெண் பார்ப்பது எளிது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் வரி வரியாகக் கோடு, மார்பில் கறுப்புப் பட்டை, விலாவில் வெள்ளைப் புள்ளி போட்ட செம்பழுப்பு நிறம் இருக்கும். பெட்டைக்கு இவை எதுவும் இல்லை. குஞ்சுகளுக்கு அலகு கறுப்பாக இருக்கும். அலகு சிவந்து, முழு நிறம் வருவதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதுவரை ஜோடி பிரிக்க அவசரப்பட வேண்டாம்.

சிக்கல் வெள்ளைக் குருவியில்தான். கன்னத் திட்டும் இல்லை, மார்புப் பட்டையும் இல்லை. அலகு ஒன்றே அடையாளம். ஆணின் அலகு ரத்தச் சிவப்பு. பெட்டையின் அலகு வெளிர் ஆரஞ்சு. ஒரு குருவியைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்து போவோம். நாலைந்தை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடும் ஒரு விவசாயி, “அண்ணாச்சி, கலயம் நிறைய முட்டை இருக்கு, ஒண்ணுகூடப் பொரிக்கல” என்றார். எண்ணிப் பார்த்தால் ஒரே கலயத்தில் 10 முட்டை. ஒரு பெட்டை ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டைதான் இடும். கூண்டில் இருந்த இரண்டு வெள்ளைக் குருவிகளுக்கும் ஆரஞ்சு அலகு. இரண்டுமே பெட்டை! தினை வாங்கிப் போட்டதும் மாதக்கணக்காகக் காத்திருந்ததும்தான் மிச்சம். கலயத்தில் வழக்கத்துக்கு மேல் முட்டை இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். வெள்ளை, காப்பி நிறம், திட்டுத் திட்டான நிறம் எல்லாம் தனித்தனி இனம் அல்ல. ஒரே ஜீப்ரா ஃபின்ச்சின் நிறமாற்றங்கள். வெள்ளை நிறம் மறைந்திருந்து வரும் குணம். தாய், தகப்பன் இரண்டிலும் அது ஒளிந்திருந்தால் சாம்பல் ஜோடிக்கும் சராசரியாக 4-ல் 1 குஞ்சு வெள்ளையாகப் பிறக்கும்.

‘ஃபான்’ எனப்படும் காப்பி நிறத்தின் கணக்கு வேறு. அது பாலினக் குரோமோசோமோடு சேர்ந்து போகும் குணம். காப்பி ஆணையும் கலப்பில்லாத சாம்பல் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைகள் எல்லாம் காப்பி நிறம். ஆண்கள் எல்லாம் சாம்பல். கலயத்தில் இறகு முளைக்கும்போதே ஆண், பெண் தெரிந்துவிடும். மாற்றி, கலப்பில்லாத சாம்பல் ஆணையும் காப்பிப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே சாம்பல்தான். ஆண் குஞ்சுகள் மட்டும் காப்பி நிறத்தை மறைவாகச் சுமக்கும். எந்த ஜோடி, எந்தக் கலயம், எத்தனை குஞ்சு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பெங்கலீஸ் ஃபின்ச்சில் நிறத்தையோ அலகையோ பார்த்துப் பயனில்லை. ஆணும் பெட்டையும் ஒரே சாயல். பாடுவது ஆண் மட்டுமே. ஒரு குருவியைச் சில மணி நேரம் தனியே வைத்துவிட்டு, பிறகு இன்னொன்றின் பக்கத்தில் விடுங்கள். மார்பு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, துள்ளித் துள்ளிப் பாடினால் ஆண். காலில் வளையம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாடவில்லை என்பதற்காக உடனே பெட்டை என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் பாருங்கள். நம் மலையடிவாரத்து வெண்முதுகுச் சில்லையின் சீன வகையிலிருந்து ஜப்பானியர் பல தலைமுறை வளர்த்து உருவாக்கியதுதான் இந்தக் குருவி.

அதற்காக வயலில் திரியும் சில்லையைப் பிடித்து வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இவற்றுக்குப் பச்சை, மஞ்சள் சாயம் பூசி, ‘கலர் ஃபின்ச்’ என்று விற்பவர்களும் உண்டு. ஈரப்பஞ்சால் இறகைத் துடைத்துப் பாருங்கள். சில சாயம் ஒட்டும். ஒட்டாத சாயமும் இறகு உதிர்ந்து முளைக்கும்போது போய்விடும். ஆணுக்கும் பெட்டைக்கும் ஒரே மாதிரி அடித்த பச்சையாக இருந்தால், கூண்டு மூலையில் மிரண்டு ஒடுங்கினால், அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சட்டச் சிக்கல் வாங்கியவருக்கும் சேர்த்துத்தான் வரும்.

ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான் என்றாலும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஜீப்ரா ஃபின்ச் அந்தப் பட்டியலில் இல்லை.

தொடங்குகிறவர்கள் இரண்டு ஜோடி சாம்பல் ஜீப்ரா ஃபின்ச்சோடு தொடங்குங்கள். தினை, சாமை, குடிக்கவும் குளிக்கவும் சுத்தமான தண்ணீர், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, கூடு கட்டக் காய்ந்த புல் போதும். நீள நார் போட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு கலயத்தைவிட்டு வெளியே வர மேலும் மூன்று வாரம் கொடுங்கள். முதல் ஈட்டுக் குஞ்சுகளுக்கு நிறம் வந்து, ஆண், பெட்டை நீங்களே பிரித்துப் பார்த்த பிறகு அடுத்த கூண்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.