அடுத்த தெருப் பிள்ளை

கையெழுத்திடும்படி என் முன்னே ஒரு தாள் நீட்டப்பட்டது. எழுதுகோலும் உடன் தரப்பட்டது. இடம், நியூயார்க் மாநகரின் புரூக்ளின், ஆண்டு, 2018. மறு ஆண்டிலே ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கவேண்டிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடியிருந்தனர். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன்.

தாளிலே இருந்தவை இரண்டே கோரிக்கைகள். வட்டாரத்துப் பிள்ளைக்கு வட்டாரத்துப் பள்ளி. உழைத்துப் படித்த பிள்ளைக்கு உரிய இடம். கேட்பதற்கு இனிப்பான சொற்கள்! மறுப்பதற்கு ஏது காரணம்? மறைப்பானேன், எழுதுகோலைத் திறந்தும்விட்டேன்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரின் பொதுப்பள்ளிகள் 32 கல்வி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. நாங்கள் வாழ்வது 15ஆவது மாவட்டத்திலே. பார்க் ஸ்லோப் பகுதியிலே பழுப்புக்கல் மாளிகைகள்; சன்செட் பார்க்கிலே, சீனமும் ஸ்பானிய மொழியும் பேசும் உழைப்பாளிகளின் நெருக்கமான குடியிருப்புகள்; சுரங்க ரயில் எட்டிப்பாராத ரெட் ஹூக்கிலே, துறைமுக ஓரமாக, ஏழைகளுக்கென அரசு எழுப்பிய அடுக்குமாடிகள். மாவட்டம் ஒன்று; நடுநிலைப் பள்ளிகள் பதினொன்று. வாயிற்படி மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? இல்லை!

பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. பத்து வயதுப் பாலகனின் மதிப்பெண் பார்க்கப்பட்டது. வருகைப் பதிவேடு புரட்டப்பட்டது. நேர்காணல் நடத்திய பள்ளிகளும் உண்டு. ஆடிக்காட்டு, பாடிக்காட்டு என்ற பள்ளிகளும் உண்டு. வீடற்றோர் விடுதியிலிருந்து விடுதிக்கு அலைக்கழிக்கப்படும் குழந்தை, வகுப்புக்கு வராத நாட்கள் மிகுதி என்பதாலேயே தகுதி குறைந்த குழந்தையாயிற்று! விளைவு? வசதி படைத்தோரின் பிள்ளைகள் சில பள்ளிகளிலே. வறியோரின் பிள்ளைகள் வேறு பள்ளிகளிலே. பிரித்து வைக்கும் பலகை எதுவும் தொங்கவில்லை; பலகை இல்லாமலேயே பாகுபாடு நடந்தேறியது. இனம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது சட்டத்துக்குப் புறம்பு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954இலே தீர்ப்பளித்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்த நிலை!

இதை மாற்றிடத்தான் ஒரு திட்டம் பேசப்பட்டது. பொறுக்கி எடுக்கும் முறை ஒழியட்டும். பெற்றோர் தம் விருப்பத்தை வரிசைப்படுத்தித் தரட்டும். குலுக்கலிலே இடம் கிடைக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் நூற்றுக்கு 52 இடங்களில் ஏழைப் பிள்ளைகளும், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளும், வீடற்ற பிள்ளைகளும் முன்னுரிமை பெறட்டும். இதுவே திட்டம்.

கூட்டத்திலே புயல் எழுந்தது. "என் மகன் இரவெல்லாம் கண்விழித்துப் படித்ததற்குப் பரிசு குலுக்கலா?" என்று கேட்டார் ஒரு தந்தை. "பதினொரு வயதுப் பெண்ணைத் தனியே பேருந்தில் அனுப்புவதா?" என்று கேட்டார் ஒரு தாய். அந்த அச்சம் பொய்யன்று. என் நெஞ்சிலும் இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். அவர் ஸ்பானிய மொழியிலே பேசியதை மொழிபெயர்ப்பாளர் எடுத்துரைத்தார்: "என் மூத்த மகன் மூன்றாண்டுகளாகப் பேருந்திலேதான் பள்ளிக்குப் போகிறான். அப்போது எவருக்கும் தொலைவு பெரிதாகத் தோன்றவில்லையே!"

எழுதுகோலை மூடினேன். "வீட்டிலே கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று தாளைத் திருப்பித் தந்தேன். அது துணிவன்று; தயக்கம்தான்.

அன்றிரவு, ஊரிலிருக்கும் அப்பாவிடம் தொலைபேசியிலே அனைத்தையும் கூறினேன். பொறுமையாகக் கேட்டவர், "தகுதி பார்த்துத்தான் இடம் தரவேண்டும் என்கிறாயா, தம்பி?" என்றார். மேற்கொண்டு பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை.

என் பாட்டனார் உழவுக் கூலி. அப்பா 1960களிலே பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தது, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடத்திலே. நான் நுழைந்ததும் அவ்வாறே. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என 1951இலே உச்சநீதிமன்றம் கூறியபோதும், 'தகுதி', 'திறமை' என்ற சொற்களே முழங்கின. தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டிலே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் திறந்துவிட்ட கதவின் வழியே வந்தவன், அடுத்தவன் பிள்ளை வரும்போது கதவைத் தாழிடக் கையெழுத்துப் போட இருந்தேன்! சாதியும் நிறமும் ஒன்றல்ல. ஒதுக்கீடும் குலுக்கலும் ஒன்றல்ல. ஆனால், 'உன் பிள்ளை வந்தால் என் பிள்ளையின் தரம் கெடும்' என்ற பேச்சு மட்டும் கடல் கடந்தும் மாறவில்லை.

'வட்டாரம்' என்கிறோமே, அது தானாக முளைத்ததா? 1930களிலே அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம், நகரங்களின் வரைபடங்களிலே கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியது. அங்கே கடன் தருவது ஆபத்து என்று குறித்தது. கோடு கிழித்து மக்களைப் பிரித்தனர். பின்னர் அந்தக் கோட்டையே காட்டி, 'அவரவர் வட்டாரத்திலே அவரவர் படிக்கட்டும்' என்றனர். 1964 பிப்ரவரி 3 அன்று, புரூக்ளின் பாதிரியார் மில்டன் கலாமிசனும் பேயார்ட் ரஸ்டினும் முன்னின்று நடத்திய பள்ளிப் புறக்கணிப்பிலே, சமநீதி கேட்டு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பைத் துறந்தனர். மறு மாதமே வெள்ளைப் பெற்றோர் பல்லாயிரவர், 'வட்டாரப் பள்ளி' முழக்கத்துடன் புரூக்ளின் பாலத்தின்மீது அணிவகுத்தனர். என்னிடம் நீட்டப்பட்ட தாள் புதிது. அதிலிருந்த வாசகம் பழையது.

அடுத்த கூட்டத்திலே அந்த அம்மையாரின் வரிசையிலே அமர்ந்தேன். 2018 செப்டம்பரிலே திட்டத்தை நகர நிர்வாகம் ஏற்றது. மறு ஆண்டுக் குலுக்கலில் என் மகளுக்கு நாங்கள் முதலில் குறித்த பள்ளி கிடைக்கவில்லை. பேருந்திலே போனாள். விரும்பிய நாடகக் குழு அந்தப் பள்ளியில் இல்லையென்று அழுதாள். அந்தக் கண்ணீருக்கு என்னிடம் விடை இல்லை. கொள்கை பேசிய தந்தையின் கணக்கிலே அதையும் எழுதத்தான் வேண்டும்.

2020 மார்ச்சிலே கொரோனா வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் கணினித் திரைக்கு மாறியது. ஒரு மாலை மகள் சொன்னாள்: "அப்பா, என் பக்கத்திலே உட்காருவாளே, அவள் மூன்று நாளாகத் திரையிலே வரவில்லை." விசாரித்தோம். அந்த வீட்டிலே பிள்ளைகள் மூவர், தொலைபேசி ஒன்று. ஆசிரியையிடம் தெரிவித்தோம். நகர நிர்வாகத்தின் கைக்கணினி வந்துசேரும் வரையில், இரவிலே அன்றன்றைய பாடத்தை என் மகள் தொலைபேசியிலே படித்துக் காட்டினாள்.

பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடும் பெற்றோரே, தேடுங்கள், தேடத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று அந்தத் தாளின் பக்கம் வென்றிருந்தால், அந்தச் சிறுமி வேறொரு பள்ளியிலே இருந்திருப்பாள். அவள் வராதது என் மகளுக்குத் தெரிந்தே இருக்காது. எனக்கும்தான்.