உப்பு பூத்த தரை

வீடியோ காலில் அம்மா எப்போதும் போனை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொள்வாள். நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரியும். "கொஞ்சம் தள்ளிப் பிடிம்மா" என்றால் கூரையைக் காட்டுவாள். மினியாப்பொலிஸில் இருந்த வருஷங்களில், அவளுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 2021இல் ஊருக்கு வந்து வாசலில் கால் வைத்ததும்தான் காரணம் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பூசிக்கொடுத்த தரை என் கண்ணில் படக்கூடாது என்றுதான் அவ்வளவு சிரமப்பட்டிருக்கிறாள்.

எங்களுடையது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். வீட்டுக்கு முன்னால் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு சிமெண்ட் தரை. பார்ப்பவர்களுக்கு அது முற்றம். எங்களுக்கு அதுதான் பட்டறை, களம் எல்லாம். காலையில் நைனா அதில் வலையைப் பரப்பிக் கிழிசல் தைப்பார். வெயில் ஏறியதும் அம்மா கருவாடு காயவைப்பாள். மணலில் காய்ந்த நெத்திலிக்கு ஒரு விலை, சிமெண்டில் காய்ந்ததற்கு ஒரு விலை. தரை பொரிய ஆரம்பித்தால் பெருக்கப் பெருக்க மணல் வந்துகொண்டே இருக்கும். வியாபாரி ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். நறநறவென்றால் ஒன்றும் பேசமாட்டார், விலையை மட்டும் குறைப்பார்.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். கேம்பஸில் எடுத்தது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. நாலு வருஷப் படிப்பில் நான் கையால் கலவை தொட்டது ஆய்வகத்தில் கனசதுரம் வார்த்தபோது மட்டும்தான். ஆனால் எங்கள் குப்பத்தில் நான் சிவில் இன்ஜினியர். நைனா அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்.

உண்மையில் நான் தரை பூசக் கற்றுக்கொண்டது மினியாப்பொலிஸில், 2017 செப்டம்பரில். குளிர்காலத்தில் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும் ஊர் அது. வாடகை வீட்டின் பின்னால் ஒரு கான்கிரீட் தளம். மேல்தோல் உரிந்து ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரப் பெரியவர் அதை மறுபடி பூசும்போது நானும் கூடமாட வேலை செய்தேன்.

கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அந்தத் துளைகளில் நிற்கும் தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் பருக்கிறது. இடம் இல்லாததால் சுவரைத் தள்ளுகிறது. உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, பத்துப் பதினைந்து குளிர்காலத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரிந்துவிடும். பனியைக் கரைக்க உப்பு தூவினால் இன்னும் மோசம். 1930களில் அமெரிக்காவில் சில சாலைகள் மட்டும் இந்தப் பனியைத் தாங்கி நின்றதைக் கவனித்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால், அந்த சிமெண்டை அரைக்கும்போது சேர்த்த மாட்டுக்கொழுப்பு கலவையில் நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்கியிருந்தது. பருக்கும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்குக் குளிர்நாடுகளில் வெளியில் போடும் கான்கிரீட்டில் அந்தக் குமிழிகளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

பெரியவர் இரண்டு நாள் முழுக்கத் தரையைச் சுரண்டினார், கழுவினார். பூசியது அரை நாள்தான். எனக்கு ஞாபகத்தில் நின்றது அந்த அரை நாள்.

2018 மே மாதம் பதினாலு நாள் லீவில் வந்தேன். எங்கள் தரையும் அதேமாதிரி உரிந்து கிடந்தது. சென்னையிலிருந்து பாலிமர் திரவம் வாங்கிவந்தேன். மோட்டார் போட்டு, போர் தண்ணீரில் ஒருமுறை கழுவினேன். உச்சி வெயிலில் காயவைத்தேன். கால் அங்குலத்துக்கு வழவழவென்று பூசினேன். கண்ணாடிமாதிரி இருந்தது. போகிற வருகிறவர்களை எல்லாம் நைனா நிறுத்தினார். "எம்புள்ள போட்டது. சிவில் இன்ஜினியரு."

எங்கள் ஊரில் பனி இல்லை, உப்பு இருக்கிறது. கோடையில் முகத்துவாரம் மண் அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணீர் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். நிலத்தடியில் உப்பு, காற்றில் உப்பு, போர் தண்ணீரில் உப்பு. போதாததற்குப் பெரிய மீன்களைக் கீறி உப்புத் தடவி அம்மா காயவைக்கும்போது சொட்டும் உப்புநீர் வேறு. துளைக்குள் போன உப்புநீர் வெயிலில் வற்றினால் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து சுவரைத் தள்ளும். அங்கே பனிக்கட்டி செய்யும் வேலையை இங்கே உப்புக்கட்டி செய்கிறது. நான் பூசிய வழவழப்பு, கீழிருந்து வரும் ஈரத்துக்கு மூடிபோட்டுவிட்டது. உப்பு அந்த மூடிக்கு அடியில் சேர்ந்து அதையே நெம்பிக் கிளப்பியது. முதல் மழைக்காலம் முடிந்து வெயில் அடித்ததும் அப்பளம்மாதிரி உப்பிக்கொண்டதாம்.

கடற்கரையில் கான்கிரீட் போட்டால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பது நான் படிக்காத விஷயம் இல்லை. ஐஎஸ் 456:2000 கடலோரத்தைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, அங்கே கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. தேர்வில் அந்த அட்டவணையை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்.

2021இல் நான் பார்த்தபோது அந்தத் தரைமேல் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன்மேல் கருவாடு. தூக்கிப் பார்த்தேன். என் பூச்சு கைக்குக் கை பெயர்ந்துவந்தது.

"ஏம்மா சொல்லல?"

"நீ வந்ததே பதினாலு நாளு. அதுல பாதி நாளு வெயில்ல குந்திகினு பூசின. அத எப்பிடிடா நல்லால்லன்னு சொல்றது?"

இந்தத் தடவை ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். ஐம்பது வயது இருக்கும். அவர் கரணையை வெளியே எடுக்கவே இல்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே தரை முழுக்க நடந்தார். சில இடத்தில் 'ணங்'கென்றது. ஏரிப் பக்கத்துப் பாதி முழுக்க 'பொத்'தென்றது. கொஞ்சம் பெயர்த்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தார். பொடியில் சிப்பித் துணுக்குகள் மினுங்கின.

"அண்ணே, இந்த மணல் எங்க எடுத்தது?"

நைனா ஏரியைப் பார்த்தபடி சொன்னார். "கரையிலதான். ரெண்டாயிரத்து எட்டுல போட்டது. ஆத்து மணல் ஒரு லோடுக்குத்தான் வெச்சிருந்தேன். அந்த மாசம் இவனுக்குக் காலேஜு ஃபீஸ் கட்டவேண்டியதா போச்சு."

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். சிவில் படிக்கக் கட்டிய பணம் அது.

"தம்பி, இந்தப் பாதி தேறாது. எடுத்துப் போட்டுறலாம். அந்தப் பாதியக் கொத்திப் பூசலாம்" என்றார் மேஸ்திரி.

ஏரிப் பக்கத்துப் பாதியை உடைத்து அள்ளினோம். மண்ணைச் சமன் செய்து, கீழிருந்து ஈரம் ஏறாமல் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, நல்ல மணலும் ஜல்லியும் போட்டுப் புதுசாகக் கான்கிரீட். மீதிப் பாதியில் என் பூச்சையும் அதற்குக் கீழே பொடிந்ததையும் கெட்டியான இடம் வரும்வரை கொத்தினோம். ஓரத்தில் பாத்தி கட்டி நல்ல தண்ணீர் நிறுத்தி, மறுநாள் இறைத்து வெளியே ஊற்றி, மறுபடி நிறுத்தி, இப்படி ஐந்து நாள். அத்தனையும் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். முதல் நாள் இறைத்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. ஐந்தாம் நாள் ரொம்பக் குறைந்திருந்தது.

பூச்சை வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தார். "தரை ஈரமா இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. காஞ்ச தரை கலவையில இருக்கற தண்ணியக் குடிச்சிரும்." மினியாப்பொலிஸில் மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததும் இதுவேதான். ஈரத் தரையில் சிமெண்ட் பாலைத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்து, அது காய்வதற்குள் ஒன்றரை அங்குலக் கலவை. மணியாசுக் கட்டையால் தேய்த்துக் கொஞ்சம் சொரசொரப்பாகவே விட்டார். தண்ணீர் ஓடிப்போக வெளிப்பக்கம் வாட்டம். அப்புறம் பத்து நாள் ஈரச் சாக்கு. சாக்கு நனைக்கும் வேலை எனக்கு.

அம்மாவுக்கு ஒரு வேலை செய்துகொடுத்தேன். உப்புத் தடவிய மீனுக்குச் சவுக்குக் கழியில் இடுப்பு உயரப் பரண், மேலே பழைய வலை, கீழே சொட்டும் உப்புநீரைப் பிடிக்க பேசின். நெத்திலி மட்டும் தரையில். சாயங்காலம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிட வேண்டும். "தரைக்குக் குளிப்பாட்டு வேற" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் செய்கிறாள்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. ஊருக்கு மாதம் ஒருமுறை போகிறேன். மூன்று மழைக்காலம் தாண்டியும் தரை நிற்கிறது. என்றைக்கும் நிற்கும் என்று சொல்லமாட்டேன். உப்பு எங்கேயும் போய்விடவில்லை.

போன வாரம் அம்மா வீடியோ காலில் வந்தாள். நெற்றி தெரியவில்லை, கூரை தெரியவில்லை. போனைக் குனிந்து பிடித்திருந்தாள். திரை முழுக்கச் சாம்பல் நிறத் தரை.

"தோ பாரு, மாட்டத்து மூலையில வெள்ளையா பூத்துக்கினு இருக்கு. உங்க நைனா ஒண்ணும் இல்லன்றாரு. நீ கேளு."

கரண்டிக் காம்பால் இரண்டு தடவை தட்டினாள்.

"கேக்குதா?"

"இன்னொரு வாட்டி தட்டும்மா" என்றேன்.