கறுப்புக் கம்பி

ஒரே நிறமுடையவை ஒரே பணியைச் செய்யும் என்று கொள்ளுதல் மனித மனத்தின் பழைய மயக்கங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்துத் திருத்தகம் ஒன்றில், நாற்பதாண்டுத் தொழிற்பழக்கம் உடைய முதியவர் ஒருவரும் அம்மயக்கத்துக்கு ஆட்பட நேர்ந்தது.

அங்கு நின்றது 1990களிற் செய்யப்பட்ட ரொயோற்றாக் கார். வாடகைக்கு ஓடிக் குடும்பமொன்றைத் தாங்கி வந்தது. 2008இல் இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தபின், அதன் சான்றிதழின்றி ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் பெறுதல் இயலாது. இக்காரோ காபனோரொட்சைட்டு மிகுதியாற் பரிசோதனையில் தவறிவிட்டது. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரியே பழுதெனக் கண்டறியப்பட்டது.

இவ்வுணரி ஒரு சிறு மின்கலம். சேர்க்கோனியா என்னும் பீங்கான் பொருளின் ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் எஞ்சினின் கழிவுவாயுவும் நிற்க, அவற்றின் ஒட்சிசன் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். எரிபொருள் மிகின் ஏறத்தாழ 0.9 உவோற்று, காற்று மிகின் 0.1. இச்சைகையைக் கொண்டே பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்னும் நிறை விகிதத்தைக் கணினி பேணுகின்றது. ஆயின் 300 பாகை செல்சியஸ் அளவு சூடேறும்வரை கலம் வாய் திறவாது. 1976இல் பொஷ் நிறுவனத்தின் உணரி வொல்வோக் கார்களில் இடம்பெற்றபோது கழிவுவாயுவின் வெப்பத்தையே நம்பியிருந்தது. 1982இல் சூடேற்றி சேர்ந்ததும் அக்காத்திருப்புச் சுருங்கிற்று, கம்பிகளோ பெருகின.

மூல உணரியின் விலை உரிமையாளருக்கு எட்டாதது. அவர் வாங்கி வந்தது பல வாகனங்களுக்கும் பொதுவான, இணைப்பி அற்ற உணரி. பழையதில் இரு கறுப்பு, ஒரு நீலம், ஒரு வெள்ளை. புதியதில் இரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சாம்பல். முதியவர் கறுப்போடு கறுப்பை முறுக்கத் தொடங்கினார். காபுரேற்றர்க் காலத்தில் எஞ்சினின் ஒலி கேட்டே கலவையைச் செம்மை செய்த கைகள் அவை. அவற்றைத் தடுக்க எவரும் துணிவதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியிற் பயிலும் மருமகன் மட்டும், "மாமா, கொஞ்சம் பொறுங்கோ" என்றான்.

பழைய உணரியிற் கறுப்பு இரண்டும் சூடேற்றிக்கு உரியவை. புதியதிற் கறுப்பே சைகையைச் சுமப்பது. அவ்வாறே இணைத்திருப்பின் பற்றரியின் 12 உவோற்று அந்நுண்கலத்துட் பாய்ந்திருக்கும். கணினியும் பழுதுற்றிருக்கலாம். அக்குடும்பத்தின் பல மாத உழைப்பு ஒரு முறுக்கிற் கருகியிருக்கும்.

இளைஞன் பல்மானியால் அளந்தான். புதிய வெள்ளைக் கம்பிகளுக்கிடையே சில ஓம் தடை. ஆகவே அவையே சூடேற்றிக்குரியவை. அதற்கு நேர், மறை என்ற வேறுபாடில்லையாதலின் பழைய கறுப்பு இரண்டோடும் எம்முறையிலும் இணையலாம். புதிய கறுப்பு பழைய நீலத்துக்கும், சாம்பல் பழைய வெள்ளைக்கும் உரியன. பற்றாசு பிடிக்க முனைந்த முதியவரை அவன் மீண்டும் தடுத்தான். இத்தகைய உணரிகள் பலவற்றில் ஒப்பீட்டுக்குரிய வெளிக்காற்று கம்பியிழைகளின் இடைவெளியூடாகவே உட்செல்லும். உருகிய பற்றாசு அவ்வழியை அடைத்துவிடும். நெரித்து இணைத்தலே தக்கது.

முதியவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர் பல்மானியைத் தம் கையில் வாங்கி, ஒவ்வொரு கம்பியையும் தாமே மீண்டும் அளந்தார், அதன்பின்னரே இணைத்தார்.

எஞ்சின் சூடேறியதும் சைகைக் கம்பியில் மின்னழுத்தம் ஏறியும் இறங்கியும் அசைந்தது. முதியவரின் பார்வை மானியில் இருந்தது. செவி எஞ்சினிடமே இருந்தது. இரண்டும் ஒன்றையே கூறின.