மாலை வேளையில் மாய உலகங்கள்

நாங்கள் இருவரும் பணி ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. மற்றவர் அலுவலகக் கணக்கர். பிள்ளைகள் வெளியூர்களில் வாழ்கிறார்கள். நீண்டுபோன பகல்பொழுதைப் படிப்பில் கழிக்க எண்ணினோம். அதிலும், இளமையில் கைக்கு எட்டாத அறிவியல் புனைகதைகளையும் மாய உலகக் கதைகளையும் படிக்க விரும்பினோம். கணக்கருக்கு இது பழைய ஏக்கம். வானியல் கற்க ஆசைப்பட்ட அவரைத் தந்தையாரின் மறைவு பதினெட்டாம் வயதிலேயே வேலைக்கு அனுப்பிவிட்டது.

எங்கள் விருப்பத்திற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதல் தடை விலை. புதிய ஆங்கில நாவல் ஒன்றின் விலை எங்கள் ஒரு வாரக் காய்கறிச் செலவை எட்டியது. இரண்டாவது, பிறர் நகைப்பு. “இந்த வயதில் மாயாஜாலக் கதையா, டீச்சர்?” என்று அண்டை வீட்டு அம்மையார் கேட்டபோது எங்களுக்கே சற்று நாணமாக இருந்தது.

முதல் தடையை நீக்கியது ஒரு வரி இரசீது. ஆண்டுதோறும் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வந்ததை அன்றுதான் கவனித்தோம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. அந்த வரி அதன் வழியாக வந்தது. முப்பது ஆண்டுகள் பணம் கட்டியும் கிளை நூலகத்தின் படியை நாங்கள் மிதித்ததில்லை! சொற்பமான காப்புத் தொகையும் சந்தாவும் செலுத்தி உறுப்பினரானோம்.

முதலில் கிடைத்தவை சுஜாதாவின் நாவல்களும் ஜூல் வெர்னின் தமிழாக்கங்களும். ஜீனோ என்னும் இயந்திர நாயின் குறும்பில் சில மாலைகள் கழிந்தன. நீர்மூழ்கிக் கப்பலின் தலைவரான நெமோவை நாங்கள் ஓர் ஐரோப்பியர் என்றே நினைத்திருந்தோம். 1875-இல் வெளிவந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் அவர் புந்தேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசர் என்றும், 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தவர் என்றும் வெர்ன் வெளிப்படுத்துகிறார். நூறாண்டுகளுக்கு மேலாக அந்தக் கடலடியில் நம்மவர் ஒருவர் காத்திருந்திருக்கிறார்!

அடுத்த கதவைத் திறந்தவள் பேத்தி. தான் பயன்படுத்தி ஒதுக்கிய கைக்கணினியைக் கொடுத்து, பதிப்புரிமை முடிந்த நூல்களைக் கட்டணமின்றிப் பெறும் வழியைக் கற்றுத் தந்தாள். 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் எச். ஜி. வெல்சின் நூல்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நம் பழந்தமிழ் இலக்கியங்கள் கிடைக்கின்றன.

அப்படித் தேடியபோது கிடைத்தது பேகம் ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ஆங்கில மகளிர் இதழில் 1905-இல் வெளியான சிறுகதை அது. அங்கே ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள். வானிலிருந்து நேரடியாக நீரைப் பெறுகிறார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவர் கணக்கர்தாம்.

இந்த மகிழ்ச்சிக்கு நடுவேதான் அந்தச் செய்தி வந்தது. கணக்கரின் வலக்கண்ணில் கண் அழுத்த நோய் முற்றியிருந்தது. இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம் என்றார் மருத்துவர். வீடு திரும்பும் வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வானத்தைக் கற்க முடியாதவர், இப்போது அதைப் பற்றிய கதைகளையும் இழக்க வேண்டுமா?

கைக்கணினியில் எழுத்தைப் பெரிதாக்கினோம். சில மாதங்கள் அது உதவியது. பின்னர் அதுவும் களைப்பைத் தந்தது. ஒருநாள் ஆசிரியை நூலை வாங்கி உரக்கப் படிக்கத் தொடங்கினார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் ஒலித்த குரல் அது. அன்று முதல் எங்களுக்கு ஒரு நூல், ஒரு குரல், நான்கு செவிகள்.

திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய நூலில், டோல்கீன் எழுதிய சிறுகதை ஒன்று இருந்தது. 1945-இல் இங்கிலாந்தின் கத்தோலிக்க இதழ் ஒன்றில் முதலில் வெளிவந்தது. நிக்கில் என்னும் எளிய ஓவியன் ஓர் இலையில் தொடங்கி, பெரியதொரு மரத்தை வரைந்துகொண்டிருக்கிறான். ஒருநாள் தவிர்க்க முடியாத பயணம் ஒன்றுக்குப் புறப்பட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் கால் ஊனமுற்ற அண்டைவீட்டுக்காரரின் மனைவி நோயுற்றபோது, முணுமுணுத்துக்கொண்டே மழையில் மிதிவண்டியேறி உதவி தேடிச் செல்கிறான். படம் முடிவதற்குள் பயண அழைப்பு வந்துவிடுகிறது. நெடுநாள் கழித்து வேறொரு நிலத்தில், தான் வரைந்து முடிக்காத அந்த மரம் உயிரோடு, முழுமையாக நிற்பதைக் காண்கிறான்.

படித்து முடித்ததும் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கணக்கர், “தங்கச்சிகளைக் கரையேற்றத்தானே நான் வேலைக்குப் போனேன், அதுவும் மிதிவண்டியேறிப் போன மாதிரிதான்” என்றார். நாற்பது ஆண்டுகளாக இழப்பு என்றே அவர் சொல்லிவந்த ஒன்றை, முதன்முறையாக வேறு சொல்லால் சொன்னார்.

மாயக் கதைகள் வாழ்விலிருந்து தப்பியோடும் வழி என்று சிலர் கூறுவர். எங்களை ஒரு கதை எங்கள் வாழ்வுக்கே திருப்பி அழைத்து வந்தது. அதன்பின் அண்டை வீட்டு அம்மையாரின் கேள்விக்கு நாங்கள் நாணுவதில்லை. இப்போது வியாழன்தோறும் மாலையில் அவரும் எங்கள் திண்ணைக்கு வருகிறார், கதை கேட்கத்தான்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டு வரி இரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கும் நூலகத்தில் ஓர் இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது.